பயமும் துயரமும்

சென்ற வாரம் இப்பகுதியிலே பரீட்சைக் காலத்துத் தூக்கத்தைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஓர் அம்மையார் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக் கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சொல்லுகிறேன்.

"ஐயா, தூக்கம் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் வீட்டிலே இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. என் பெண்ணுக்குப் பதினாறு வயது. ஊசி என்று சொன்னால் போதும். முகம் வெளுத்து, வியர்த்து, மயங்கிக் கீழே விழுந்து விடுகிறாள். 'எல்லாம் பாசாங்கு, இரண்டு அறை கொடுத்தால் சரியாய்ப் போகும்' என்கிறார் என் மாமியார். மற்றொன்று, என் கணவரைப் பற்றியது. மூன்று மாதமாக அவர் யாரோடும் பேசுவதில்லை. ஆபீசிலிருந்து வந்தால், விளக்கைக்கூடப் போடாமல் இருட்டிலே உட்கார்ந்து விடுகிறார். கேட்டால், 'ஒன்றுமில்லை' என்கிறார். இரண்டு பேரும் தைரியமில்லாதவர்கள் என்று உறவினர் முடிவு கட்டி விட்டார்கள். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?"

நான் முதலிலே சொல்லக் கூடியது ஒன்றுதான். அவ்விருவரிடத்திலும் தைரியத்துக்குக் குறைவில்லை. அம்மையார் எழுதியிருப்பதைப் பார்த்தால், இருவருக்கும் வந்திருப்பது நோய் என்றே தோன்றுகிறது. ஒன்றைப் பயநோய் என்று சொல்லலாம். ஆங்கிலத்திலே 'போபியா' என்பார்கள். மற்றொன்று, 'டிப்ரஷன்' என்று எல்லாரும் சொல்லுகிற மனச்சோர்வு. நான் வைத்தியன் அல்லன். உபாத்தியாயர் பயிற்சிக்காக மனோதத்துவம் கொஞ்சம் படித்தவன், அவ்வளவே. ஆனால் இவ்விஷயத்தில் நானே ஒரு பெரிய பிழை செய்து கற்றுக் கொண்டதுண்டு. அதைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் நியாயம்.

என் பிழை

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் என் ஒன்பதாம் வகுப்பிலே ஒரு பையன் இருந்தான். கட்டுரை எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவான். "எழுந்து பாடத்தைப் படி" என்றால் மட்டும் உதடு துடிக்கும், சப்தம் வராது. அது பிடிவாதம் என்று நான் தீர்மானித்தேன். பிடிவாதத்தை உடைக்க வேண்டியது உபாத்தியாயரின் கடமை என்றும் நினைத்தேன். ஒரு வாரம் முழுவதும் முதல் பாடத்திலே அவனை எழுப்பி நிறுத்தினேன். மற்றப் பையன்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவனுடைய தாயார் வந்தார். "ஸார், ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேன் என்கிறான். விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக் கொள்கிறான். வயிற்றிலே ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனை நீங்கள் படிக்கச் சொல்ல வேண்டாம் ஸார், சும்மா உட்கார வைத்தால் போதும்" என்று கண்ணீர் விட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தாயின் வேண்டுகோளை அப்படியே நிறைவேற்றி விடுவதாக வாக்களித்தேன். ஆனால் அப்படிச் செய்திருந்தால் இரண்டாவது பிழையும் செய்தவனாவேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அது எப்படி என்பதைக் கீழே சொல்லுகிறேன்.

பயமும் பயநோயும்

பயம் என்பது தீய குணமன்று. பாம்பைக் கண்டு விலகாதவன் நெடுநாள் இருக்க மாட்டான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதைப் பேதைமை என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் அல்லவா? அபாயத்தைக் கண்டதும் இருதயம் வேகமாக அடித்துக் கொள்ளுவதும், மூச்சு வாங்குவதும், வாய் உலர்ந்து போவதும், ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பு தன்னைத் தயார் செய்து கொள்ளும் ஏற்பாடுகளே.

அபாயம் இல்லாத இடத்திலும், அல்லது சிறிதே உள்ள இடத்திலும், இந்த ஏற்பாடு முழுவேகத்தோடு கிளம்புமானால் அது பயநோயின் முதல் அடையாளம். அந்தப் பொருளையோ இடத்தையோ தவிர்ப்பதற்காக மனிதன் தன் வாழ்க்கையையே மாற்றி அமைத்துக் கொள்வது இரண்டாவது அடையாளம். "இதற்குப் பயப்பட வேண்டியதில்லை" என்று அறிவு சொன்னாலும் உடம்பு கேளாமலிருப்பது மூன்றாவது. இந்நிலை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ பிழைப்பையோ குடும்பத்தையோ கெடுக்கிறதென்றால், வைத்தியர்கள் அதை நோய் என்றே கணக்கிடுகிறார்கள்.

இது புதிதாக வந்த நோயுமன்று. போபியா என்ற சொல்லே, கிரேக்கர்களின் புராணத்திலே யுத்த தேவனுக்குப் புத்திரனாகிய போபாஸ் என்னும் பயதேவதையின் பெயரோடு ஒன்றியது. கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் ஏடுகளில் இரண்டு நோயாளிகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஒருவருக்கு இரவு விருந்திலே புல்லாங்குழல் சப்தம் கேட்டால் நடுக்கம் எடுக்கும். பகலிலே அதே சப்தம் அவரை ஒன்றும் செய்யாது. மற்றொருவரால் செங்குத்தான இடத்தின் ஓரமாகவோ பாலத்தின் மேலோ போக முடியாது. ஆழமில்லாத பள்ளத்தின் ஓரத்திலேகூட நடக்க மாட்டார். ஆனால் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி நடந்து போவார்! இரண்டாயிரம் வருஷங்களுக்கு முற்பட்ட அந்தக் குறிப்பைப் படிக்கும்போது, நமக்குத் தெரிந்த யாராவது ஒருவர் ஞாபகத்துக்கு வராமல் போக மாட்டார்.

மூன்று வகை

பயநோய்களை இக்காலத்து வைத்தியர்கள் மூன்று பெரும் பிரிவாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, ஒரு குறிப்பிட்ட பொருளையோ நிலைமையையோ பற்றிய பயம். நாய், பல்லி, கரப்பான் பூச்சி முதலிய பிராணிகள். உயரம், இடி, தண்ணீர். லிப்ட், விமானம் முதலிய மூடிய இடங்கள். இரத்தம், காயம், ஊசி — எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இது தொடங்கிவிடும்.

இரண்டாவது, மனிதர்களின் பார்வையைப் பற்றிய பயம். நாலுபேர் முன்னிலையில் பேச, சாப்பிட, கையெழுத்துப் போடக்கூட முடியாது. 'நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், நம் கை நடுங்குவதைக் கண்டுபிடித்து விடுவார்கள்' என்ற எண்ணமே இதன் வேர். வாலிபம் அரும்புகிற வயதிலே இது அதிகமாகத் தலையெடுக்கிறது. என் மாணவனுக்கு இருந்தது இதுதான். கூச்ச சுபாவம் வேறு, இது வேறு. கூச்சமுள்ளவன் கொஞ்ச நேரத்தில் பழகிவிடுவான். இந்நோயுள்ளவன் பழகுவதற்கு முன்பே ஓடிவிடுவான்.

மூன்றாவது, தப்பிப் போக முடியாத இடத்திலே அகப்பட்டுக் கொள்வோமோ என்ற பயம். 1871-ஆம் வருஷத்திலே பெர்லின் நகரத்து வைத்தியர் வெஸ்ட்பால் என்பவர், அகன்ற சதுக்கங்களைக் கடந்து செல்ல முடியாமல் தவித்த சிலரைப் பற்றி எழுதி, அந்நோய்க்கு 'அகோரபோபியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியிலே 'அகோரா' என்றால் சந்தைவெளி. சந்தை, திருவிழாக் கூட்டம், பஸ், நீண்ட வரிசை, தனியாக வெளியே போவது எல்லாவற்றுக்கும் இவர்கள் அஞ்சுவார்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் ஓரளவு போய்வருவார்கள். இதன் முற்றிய நிலையிலே வீட்டு வாசற்படியைத் தாண்டாமலே வருஷக் கணக்கில் இருந்து விடுகிறவர்கள் உண்டு. 'அவளுக்கு வெளியே போவதிலே இஷ்டமில்லை' என்று குடும்பத்தாரும் அதைச் சுபாவமாக எடுத்துக் கொண்டு விடுகிறார்கள்.

பயம் வளருவதும் தேய்வதும்

பயம் எப்படி வருகிறது என்பதைப் பற்றி 1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே வாட்சன் என்னும் மனோதத்துவ ஆசிரியரும் அவருடைய துணையாளராகிய ரேய்னர் என்ற மாதும் ஒரு சோதனை செய்தார்கள். பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியோடு பயமின்றி விளையாடிக் கொண்டிருந்தது. அது எலியைத் தொடும்போதெல்லாம், அதன் பின்னாலிருந்து ஓர் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்துப் பேரோசை எழுப்பினார்கள். சில தடவைகளுக்குப் பிறகு ஓசை இல்லாமலே, எலியைக் கண்ட மாத்திரத்தில் குழந்தை அலறியது. முயலைக் கண்டும், ரோமச் சட்டையைக் கண்டும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பி விட்டார்கள். இக்காலத்தில் இப்படிப்பட்ட சோதனைக்கு எந்தச் சர்வகலாசாலையும் அனுமதி கொடாது. ஆனால் நம் வீடுகளிலே, 'பூச்சாண்டி வருகிறான், ஊசி போட்டு விடுவார்' என்று சோறூட்டும்போது, நாமும் அந்தச் சுத்தியலைத்தான் கையிலே எடுக்கிறோம்.

வந்த பயத்தைப் போக்க முடியுமா? நான்கு வருஷங்களுக்குப் பின், 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற மாது இதற்கு விடை கண்டார். முயலுக்கு அஞ்சுகிற, மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்தமான தின்பண்டத்தைக் கொடுத்து, அது தின்று கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு தூரத்திலே வைத்தார். நாளடைவில் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டு வந்தார். முயலுக்குப் பயப்படாத குழந்தைகளையும் கூட விளையாட விட்டார். கடைசியிலே பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். தன் விரலை அது கொறிக்கும்படியும் விட்டான்.

இதே மார்க்கத்தை, மனோதத்துவ சாஸ்திரம் தோன்றுவதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்திலேயே, ஜெர்மானிய மகாகவி கெதே தமக்குத் தாமே அனுஷ்டித்திருக்கிறார். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்திலே மாணவராயிருந்த காலத்தில் அவருக்கு உயரமான இடம் என்றால் தலைசுற்றும். அந்நகரத்து மாதாகோயில் கோபுரத்தின் உச்சிக்குத் தனியே ஏறிப்போய், முதலில் கால்மணி நேரம் ஒதுங்கி உட்கார்ந்திருந்து, பிறகு பிடித்துக் கொள்ள ஒன்றுமில்லாத ஒரு சிறு மேடையின் மேல் வந்து நிற்பாராம். மறுபடியும் மறுபடியும் ஏறி, அந்த உணர்ச்சி மரத்துப் போகும்வரையில் விடவில்லை என்று தம் வரலாற்றிலே எழுதியிருக்கிறார்.

இதிலுள்ள தத்துவம் எளியது. பயந்த இடத்தை விட்டு ஓடும்போது மனத்துக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே பயத்துக்குப் போடுகிற தீனி. 'தப்பித்தோம், ஆகையால் அது அபாயந்தான்' என்று உடம்பு கற்றுக் கொள்ளுகிறது. ஓடாமல் நின்றாலோ, ஏறிய படபடப்பு சிறிது நேரத்தில் தானாகவே இறங்குகிறது. 'நின்றேன், ஒன்றும் நேரவில்லை' என்ற புதிய பாடத்தை உடம்பு கற்கிறது. ஆனால் நீந்தத் தெரியாதவனைக் கிணற்றிலே தள்ளுவது போன்றதன்று இது. படிப்படியாக, பயப்படுகிறவரின் சம்மதத்தோடு நடக்க வேண்டியது.

என் பிழைகள் இரண்டும் எவை என்பது இப்போது விளங்கும். நான் பையனை ஒரேயடியாக மாடியிலிருந்து தள்ளினேன். அவன் தாயோ அன்பினாலே மாடிப்படிக்கே போக வேண்டாம் என்று சொன்னார். முந்தியது பயத்தை முரடாக்கும்; பிந்தியது பயத்தை நிரந்தரமாக்கும். ஒரு மனோதத்துவ நிபுணரின் யோசனைப்படி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் எனக்கு மட்டும் அரைப் பக்கம் படித்துக் காட்டினான். அடுத்த வாரம் ஒரு சிநேகிதனையும் கூட்டி வந்தான். பிறகு நான்கு பேர். பிறகு வகுப்பிலே உட்கார்ந்தபடியே ஒரு வரி. அந்த வருஷக் கடைசியிலே எழுந்து நின்று ஒரு பக்கம் படித்தான். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் கடைசி வரி வரையில் படித்தான்.

மகாத்மா காந்தியின் சுயசரிதையைப் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு ஞாபகம் வரும். பால்யத்தில் திருடனுக்கும் பேய்க்கும் பாம்புக்கும் பயந்து, விளக்கில்லாமல் படுக்க மாட்டாதவராயிருந்தார் அவர். பாரிஸ்டராகி 1891-இல் இந்தியாவுக்குத் திரும்பிய பின், பம்பாயில் தமது முதல் வழக்கிலே குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், தலைசுற்றி, ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்து விட்டார். வாங்கிய முப்பது ரூபாயையும் விட்டுவிட்டு வெளியேறினார். அவருக்கு நோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1893-இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்து இந்தியர்களின் நிலைமையைப் பற்றிப் பேச எழுந்தாரே, அதுதான் தம் முதல் பிரசங்கம் என்கிறார். பயந்தாங்கொள்ளி என்று நாம் பட்டம் சூட்டி வைக்கும் குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேச வேண்டும்.

இனி, ஊசிக்கு மயங்கும் பெண்ணின் விஷயம். மற்றப் பயங்களிலே இரத்த அழுத்தம் ஏறும். மயக்கம் வருவது அபூர்வம். இரத்தத்தையும் ஊசியையும் பற்றிய பயத்திலே மட்டும் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு திடீரென்று இறங்கி விடுகிறது. மூளைக்கு வேண்டிய இரத்தம் போகாமையால் மயக்கம் வருகிறது. இது பல குடும்பங்களிலே பரம்பரையாக வருகிறது. ஆகவே, பாட்டி சொல்லுவது போல் இது பாசாங்கு அன்று. பாசாங்கினால் இரத்த அழுத்தத்தை இறக்க யாராலும் முடியாது. ஸ்வீடன் தேசத்து நிபுணர் ஓஸ்ட் என்பவர் 1980-ஐ அடுத்த வருஷங்களிலே இதற்கு ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி, முகத்திலே சூடு ஏறுகிறவரையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு இருபது முப்பது விநாடி இறுக்கத்தை விட வேண்டும். இப்படி ஐந்து தடவை. இதனால் அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. மற்றப் பயங்களுக்கு உடம்பைத் தளர்த்தச் சொல்வதுண்டு. இதற்கு மட்டும் இறுக்க வேண்டும். வைத்தியரைக் கேட்டுக்கொண்டு இதை வீட்டிலே பழகலாம். ஊசி போடும்போது படுத்துக்கொண்டே போட்டுக் கொள்ளலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

துயரமும் மனச்சோர்வும்

இப்போது இருட்டிலே உட்கார்ந்திருப்பவரைப் பற்றிப் பேசுவோம். இது பயநோயைவிடக் கடினமானது. ஏனென்றால் இது சத்தம் போடாது.

துக்கம் மனிதருக்கு இயற்கை. உற்றார் இறந்தாலும், உத்தியோகம் போனாலும் யாருக்கும் துக்கம் வரும். அது அலையலையாக வந்து மோதும். நடுநடுவே இறந்தவரைப் பற்றி ஒரு நல்ல நினைவு, ஒரு சிறு சிரிப்புக்கூட வரும். மனச்சோர்வு அப்படியன்று. காரணத்தோடும் வரும், காரணமில்லாமலும் வரும். நாள் முழுவதும் ஒரே மூட்டமாக நிற்கும்.

அதன் குணங்குறிகளை ஒன்பதாக வகுத்திருக்கிறார்கள். மனம் பெரும்பாலும் தாழ்ந்து கிடப்பது, எதிலும் இன்பமும் ஈடுபாடும் இல்லாமற் போவது, பசி குறைவது அல்லது மிகுவது, தூக்கம் கெடுவது, முக்கியமாக விடியற்காலத்துக்கு முன்பே விழித்துக் கொள்ளுவது, அல்லது மிதமிஞ்சித் தூங்குவது, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, தீராத களைப்பு, 'நான் உதவாக்கரை, எல்லாம் என் குற்றம்' என்ற எண்ணம், மனம் ஒருநிலைப்படாமலும் சிறு தீர்மானமும் செய்ய முடியாமலும் போவது, சாவைப் பற்றிய சிந்தனை. முதல் இரண்டில் ஒன்றாவது சேர்ந்து, இவற்றில் ஐந்து குறிகள் இரண்டு வாரம் தொடர்ந்து இருந்தால் அது நோய்.

இதிலும் வகைகள் உண்டு. கடுமையாக வந்து சில மாதம் நின்று போவது ஒன்று. மெல்லிய தூறல்போல் இரண்டு வருஷத்துக்கு மேலும் நீடிப்பது மற்றொன்று. அவர்களை 'எப்போதுமே சிடுமூஞ்சி' என்று ஒதுக்கி விடுவார்கள். சோர்வும், அதற்கு நேர்மாறாக அளவுகடந்த உற்சாகமும் மாறிமாறி வருவது மூன்றாவது. இதற்கு மருந்தே வேறு என்பதால், வைத்தியரிடம் உற்சாகக் காலத்தைப் பற்றியும் மறவாமல் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் வருவது நான்காவது. பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது சாதாரணம். இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்து, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது நோய். பிறந்தகத்துக்கு வந்திருக்கும் பெண்ணை, 'குழந்தை பிறந்த வீட்டிலே அழுகை என்ன?' என்று அதட்டுகிற தாய்மார்கள் இதை அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடத்தில் இது எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படுவதுண்டு. பெரியவர்களிடத்தில் உடம்புவலியாகவும் ஞாபகமறதியாகவும் தோன்றுவதுண்டு. தைராய்டுக் கோளம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் இதே குறிகள் தோன்றுமாகையால், வைத்தியர் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னால் மறுக்கக் கூடாது.

அதட்டினால் தீருமா?

என் சக உபாத்தியாயர் ஒருவர் கணக்குப் பாடம் நடத்துகிறவர். அவர் இருக்கிற அறையிலே சிரிப்பு ஓயாது. ஒரு வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. திருத்தாத விடைத்தாள்கள் அவர் மேஜை மேல் மலைபோல் குவிந்தன. "சோம்பலை விடுங்கள், லீவு எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்வாருங்கள்" என்றேன் நான். போய்விட்டு வந்தார். "அருவி விழுந்து கொண்டிருந்தது, நான் பார்த்துக் கொண்டிருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை" என்றார். என் யோசனை எவ்வளவு பேதைமையானது என்று அப்போது தெரிந்தது. கால் முறிந்தவனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. நல்லவேளையாக, அவர் மனைவி அவரை வைத்தியரிடம் அழைத்துப் போனார். ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு, ஒரு நாள் மத்தியானம், அந்த அறையிலிருந்து பழைய சிரிப்புக் கேட்டது.

'மனத்தைத் திடப்படுத்திக் கொள்' என்று சொல்வது எளிது. குருக்ஷேத்திரத்திலே வில் கைநழுவ, உடல் நடுங்க, தேரில் உட்கார்ந்துவிட்ட அர்ஜுனனைக் கண்ணபிரானே முதலிலே அதட்டித்தான் பார்த்தார். அது பலிக்கவில்லை. பிறகு அத்தியாயம் அத்தியாயமாக, அவன் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பொறுமையோடு பேச வேண்டியதாயிற்று. அவருக்கே அப்படியென்றால், நம்முடைய அதட்டல் எம்மாத்திரம்!

சோர்வுற்ற மனம் தன்னையும், உலகத்தையும், வருங்காலத்தையும் ஒரே கறுப்புக் கண்ணாடியின் வழியாகப் பார்க்கிறது என்பதை 1960-ஐ அடுத்த ஆண்டுகளிலே அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக் எடுத்துக் காட்டினார். அந்த எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, 'இது மெய்தானா?' என்று நோயாளியே சோதித்துப் பார்க்கும்படி பழக்குவது அவருடைய முறை. மற்றொரு முறையும் உண்டு. 'உற்சாகம் வந்தால் செய்கிறேன்' என்று காத்திராமல், சிறு காரியத்தை முதலிலே செய்வது. உற்சாகம் பின்னாலே வரும். காலையிலே பத்து நிமிஷ நடை, ஒரு சிநேகிதருக்கு ஒரு கடிதம், அவ்வளவு போதும். பயநோயிலே ஓடி ஒளிவது எப்படித் தீனியோ, அப்படியே சோர்விலே ஒதுங்கிக் கிடப்பது தீனி. இவ்விரண்டு நோயும் ஒருவரிடத்திலேயே சேர்ந்து குடியிருப்பதும் உண்டு.

மருந்துகளும் இருக்கின்றன. 1952-இல் நியூயார்க்கிலே க்ஷயரோகிகளுக்கு இப்ரோனியஸிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, அவர்கள் எதிர்பாராத உற்சாகம் அடைந்ததை வைத்தியர்கள் கவனித்தார்கள். 1957-இல் ஸ்விட்சர்லாந்திலே கூன் என்பவர் இமிப்பிரமின் என்ற மருந்தின் பலனை வெளியிட்டார். அவற்றின் வழியிலே இன்னும் நல்ல மருந்துகள் பின்னர் வந்தன. இவை உடனே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து நாளிலே 'பிரயோஜனமில்லை' என்று விட்டுவிடுகிறவர்களும், கொஞ்சம் தேறியதும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்திவிடுகிறவர்களும் மறுபடியும் விழுகிறார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகத்திலே சுமார் 28 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. நம் நாட்டில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இருபது பேரில் ஒருவருக்கு இது வருகிறதென்றும், வந்தவர்களிலே பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை என்றும் கண்டது. ஏன் பெறுவதில்லை? சென்னையிலே 1794-ஆம் ஆண்டு தோன்றிய மனநோய் ஆஸ்பத்திரி, பிற்காலத்தில் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கேற்றிய அந்த இடத்தின் பெயரையே நாம் பரிகாச வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நாம் விளையாட்டாகச் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும், பக்கத்திலே இருட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு வைத்தியரின் வாசற்கதவை அடைத்து விடுகிறோம்.

இன்னும் ஒன்று, இதைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். 'நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி' என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் பேச்சு என்று விட்டுவிடக் கூடாது. "உயிரை விட்டுவிட வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகவே கேட்கலாம். கேட்பதனால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இருக்கிற பாரம் இறங்குகிறது. அவரைத் தனியே விடாமல், பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் எட்டாத இடத்திலே வைத்துவிட்டு, அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணிலே கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். தன்னுயிரைப் போக்கிக் கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மனவேதனைக்கு உள்ளானவராகவே கருத வேண்டுமென்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டமும் சொல்லுகிறது. சட்டத்துக்கு வந்த இரக்கம் உறவினருக்கு வரக்கூடாதா?

ஆகவே, அம்மா, தங்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். தங்கள் பெண்ணை இந்த வாரம் தசைகளை இறுக்கப் பழக்குங்கள். பாட்டியையும் பக்கத்திலே உட்கார்த்தி வைத்துக் கொள்ளுங்கள். அவருக்கும் சிறு வயதிலே ஊசி என்றால் மயக்கம் வந்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள். தங்கள் கணவரைத் திட்டவும் வேண்டாம், தேற்றவும் வேண்டாம். அவரோடுகூடச் சிறிது நேரம் அந்த இருட்டிலே உட்கார்ந்திருங்கள். "உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது, நாளைக்கு டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். 'ஒன்றுமில்லை' என்பார். மறுநாளும் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து, "நேற்று அவரே எழுந்து விளக்கைப் போட்டார்" என்று தங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தால், அதை இந்தப் பகுதியிலே வெளியிட அனுமதி கொடுங்கள். அதை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிற வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.